கைரேகை வைத்துத்தான் உள்ளே வர வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு பதிப்போடு வந்த வீடு, மனை இணைப்பை இங்கே டர்பனில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பழைய மகாபலிபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, கோவை, திருச்சி என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டட் கம்யூனிட்டி விளம்பரம். சுற்றிலும் மதில், ஒரே வாசல், 24 மணி நேரக் காவல், கேமரா, கைரேகை வைத்தால் திறக்கும் கதவு. ஊரில் என் தங்கையும் அவள் கணவரும் அதில் ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போகிறார்கள். நான் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் 9 வருடமாகக் குடியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இதை எஸ்டேட் என்பார்கள். வால்பாறை, நீலகிரி பக்கம் சொல்கிற தேயிலை எஸ்டேட் இல்லை, ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. டர்பனுக்கு வடக்கே இந்த மாதிரிக் குடியிருப்புகள் எழுந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் ஐம்பது வருடம் வந்துகொண்டே இருந்தவர்களும் வெட்டிய கரும்பு. அந்தத் தோட்டத்தில்தான் இன்று கோல்ஃப் மைதானம், செயற்கைக் குளம், வெள்ளை நிற வீடுகள், சுற்றிலும் மின்வேலி. மவுண்ட் எட்ஜ்கோம்பில் அந்தக் கூலித் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. காரில் போகும்போது அந்தக் கோவிலையும் பார்க்கலாம், எஸ்டேட் வாசலின் தடுப்புக் கம்பியையும் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயம் பொய்யில்லை. 2022-23 கணக்கில் இந்த நாட்டில் ஒரே வருடத்தில் 27,494 கொலைகள். நாங்கள் முதல் ஏழு வருடம் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு இரவு மூன்று பேர் ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்தார்கள். என் கணவரைக் கட்டிப்போட்டார்கள். பையனுக்கு அப்போது நாலு வயது. உயிர்ச் சேதம் இல்லை, நகையும் லேப்டாப்பும் போயிற்று. அதற்கப்புறம் ஒரு வருடம் எனக்குத் தூக்கமே இல்லை. எனவே எஸ்டேட்டுக்கு வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை, நானே அப்படி வந்தவள். இங்கே போலீஸ்காரர்கள் இரண்டு லட்சம் பேர்கூடக் கிடையாது, பதிவு பெற்று வேலையில் இருக்கும் தனியார் காவலாளிகள் ஐந்து லட்சத்துக்கு மேல். அதிலிருந்தே நிலைமை உங்களுக்குப் புரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவுக்கு 58 வயது. நான் அவரை 'மா' என்று கூப்பிடுவேன், என் பையன் 'கோகோ' என்பான், ஜூலு மொழியில் பாட்டி. இனாண்டாவில் இருக்கிறார், காந்தி 1904-இல் ஃபீனிக்ஸ் ஆசிரமம் தொடங்கிய இடத்திலிருந்து நடக்கிற தூரம். விடிகாலை ஐந்து மணிக்கு மினிபஸ் டாக்ஸி பிடித்தால் ஏழுக்கு எங்கள் வாசலுக்கு வருவார். வாசலில் நாங்கள் போகிற பாதை வேறு, அவர் போகிற பாதை வேறு. எனக்கும் கைரேகை உண்டு, ஆனால் நான் விரல் வைத்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான். அவர் விரல் வைக்க வேண்டும், படம் ஒட்டிய அட்டையைக் காட்ட வேண்டும், வருடா வருடம் அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், மாலையில் திரும்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். நாம் ஏதாவது கொடுத்தனுப்பினால் 'இதை நான்தான் கொடுத்தேன்' என்று வீட்டு எண் போட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் கொடுக்க வேண்டும்.

மூன்று வருடம் முன்பு ஊரிலிருந்து புது பிரஷர் குக்கர் கொண்டுவந்தேன். பழையது நல்ல நிலையில் இருந்தது, அதை அவருக்குக் கொடுத்தேன். கடிதம் எழுத மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, பருப்பு எப்படி வேகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் விடாமல் கேட்கவும்தான் சொன்னார். நான் கொடுத்த அன்று சாயங்காலம் வாசலில் குக்கரை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, எங்கே எடுத்தாய் என்று கேட்டார்களாம். மேடம் கொடுத்தார், வேண்டுமானால் போன் போட்டுக் கேளுங்கள் என்றிருக்கிறார். யாரும் போன் போடவில்லை. கேட்டவரும் இனாண்டா பக்கத்துப் பையன்தான், அவனுக்கு வேலை போய்விடுமே என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை என்றார். நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். 9 வருடமாக என் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிறது. எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். சொல்லும்போது குரலில் கோபம்கூட இல்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, 'நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் இப்படி ஒன்று வைத்திருந்தேன்' என்றார்.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். வெள்ளையர் ஆட்சியில் 16 வயது நிறைந்த கறுப்பின மக்கள் எல்லாரும் எந்நேரமும் கையில் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும், நகரத்துக்குள் எங்கே போகலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். அதை எதிர்த்துக் கூடியவர்களை 1960 மார்ச் 21-ஆம் தேதி ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். அந்தச் சட்டம் 1986-இல்தான் ஒழிந்தது. எங்கள் வீட்டு அம்மா அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். சட்டம் ஒழிந்து இத்தனை வருடத்துக்கு அப்புறம், வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக மறுபடி ஒரு அட்டை, மறுபடி விரல் ரேகை. இந்த முறை கேட்பது அரசாங்கம் இல்லை, நாங்கள். மாதா மாதம் நான் கட்டுகிற பராமரிப்புப் பணத்தில்தான் அந்த மெஷின் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நான் பொறையாறு பக்கத்துப் பெண். தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்தின் பெயரைப் பார்த்து தில்லையாடி வள்ளியம்மை யாரென்று கேட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். 1906-இல் இங்கே டிரான்ஸ்வால் மாகாண அரசு எட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லா இந்தியர்களும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும், போலீஸ் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. குற்றவாளியிடம் வாங்குவது போலக் கைரேகை வாங்குவதா என்றுதான் காந்தியும் இங்கிருந்த தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடுவும் கிளம்பினார்கள். 1908 ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க்கில் ஆயிரக்கணக்கான சீட்டுகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்பது காந்தியே திரும்பத் திரும்ப எழுதிய விஷயம். 1913-இல் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லை தாண்டிய போராட்டத்தில் வள்ளியம்மையும் அவர் தாயாரும் சேர்ந்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் கடுங்காவல், வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்தார், 1914 பிப்ரவரி 22-இல் இறந்துபோனார். 16 வயது. அந்த ஜெயில் எங்கள் எஸ்டேட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் அங்கே போய் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அதே சாயங்காலம் எஸ்டேட் வாசலில் தங்கள் வீட்டு வேலைக்கார அம்மா பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். நானும் அதில் ஒருத்தி. பார்த்தும் எதுவும் உறைக்காமல் ஆறு வருடம் போயிருக்கிறேன், குக்கர் விஷயம் நடக்கும் வரை.

இது ஏதோ எங்கள் ஒரு எஸ்டேட்டின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள பெரிய கோல்ஃப் எஸ்டேட் மீது அங்கே குடியிருந்த ஒருவரே வழக்குப் போட்டார். எஸ்டேட்டுக்குள் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனதற்கு அபராதம் போட்டதில் ஆரம்பித்தது, வீட்டு வேலை செய்பவர்கள் எஸ்டேட் சாலையில் நடந்து போவதைக் கட்டுப்படுத்தும் விதி வரை போயிற்று. 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த நடக்கும் விதி செல்லாது என்றது, உள்ளே இருப்பதும் பொதுச் சாலைதான் என்றது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாலை வேக விதிகளில் எஸ்டேட்டை நடத்தும் வீட்டுக்காரர் சங்கத்தின் பக்கம் நின்றது, வீடு வாங்கும்போதே விதிகளுக்கு ஒத்துக்கொண்டுதானே வந்தீர்கள் என்று. வீட்டுக்காரர்கள் வரைக்கும் அது சரி. வேலைக்கு வருகிறவர் அந்த ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்துப் போட்டார்?

அப்புறம் மதில் உள்ளே இருப்பவர்களை என்ன செய்கிறது என்பது. சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஆயா மேகசின் பேரக்ஸில் பிறந்தவர், டர்பன் மாநகராட்சி இந்தியத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகள். 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் இன்ன இனத்தான் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கோடு போட்டது. அறுபதுகளில் அவர்களையெல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், ஒரு பக்கம் வெள்ளையர் பகுதி, மறுபக்கம் கறுப்பின மக்களின் உம்லாசி, நடுவில் இந்தியர்களைத் தடுப்பு மாதிரி வைத்தார்கள். அப்படிக் கொண்டுபோய்த் தள்ளிய இடத்தையும் அந்த மனிதர்கள் ஊராக்கினார்கள். ஆடி மாதம் ஆயா வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் தெருவே வரும், தெரு முனையில் முடி வெட்டுகிற ஜூலுக்காரரும் குவளையோடு வருவார். திருடன் வந்த அந்த ராத்திரி முதலில் ஓடி வந்தது எதிர் வீட்டுக்காரர், இரண்டாவது அந்த முடி வெட்டுகிறவர்.

எஸ்டேட்டுக்கு வந்து 9 வருடத்தில் எனக்குப் பெயர் தெரிந்த வீடு ஐந்தோ ஆறோதான். கூழ் காய்ச்சலாம் என்று முதல் வருடம் அனுமதி கேட்டேன். புகை வரக் கூடாது, மேளம் கூடாது, வெளியாட்கள் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றார்கள். பட்டியல் போட்டு யாருக்குக் கூழ் ஊற்றுவது? இப்போது ஒவ்வொரு ஆடிக்கும் ஆயா வீட்டுக்குத்தான் போகிறேன்.

என் பையன் வெளி ஆட்களோடு தெருவில் நடந்ததே இல்லை. பள்ளிக்குக் கார், டியூஷனுக்குக் கார். அவனுக்குத் தெரிந்த கறுப்பின மனிதர்கள் கோகோவும் வாசல் காவலர்களும் பள்ளியில் அவனோடு படிக்கிற வசதியான வீட்டுப் பிள்ளைகளும்தான். 13 வயதில் ஒரு நாள் கார் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்த ஒரு பையனைப் பார்த்துக் கதவைப் பூட்டச் சொன்னான். அந்தப் பையன் பள்ளிச் சீருடையில் இருந்தான், அவன் வயதுதான் இருக்கும்.

2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரம் பற்றி நீங்கள் செய்தி போட்டிருப்பீர்கள். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் மூண்டது, நாடு முழுவதும் 350 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் ஜெனரேட்டர் ஓடியது, ஆண்கள் முறை போட்டு வாசலில் நின்றார்கள், ரொட்டி மட்டும் கிடைக்கவில்லை. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத, இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸில் நிலைமை வேறு. அங்கே மதில் கிடையாது, போலீஸும் வரவில்லை, மக்கள் ஒரே ராத்திரியில் கார், டயர், மரம் எல்லாம் போட்டுத் தெருவை அடைத்தார்கள். பயந்துபோய் அடைத்தவர்கள்தான் பெரும்பாலும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடுப்புகளில் யார் உள்ளூர்க்காரன், யார் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள் என்று அரசு சொன்னது, பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இனாண்டாவிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வருகிற வழியே ஃபீனிக்ஸ்தான். எங்கள் வீட்டு அம்மா ஒரு மாதம் வரவில்லை. வரப் பயந்தார். முகம் தெரிந்த ஒருவர், அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரே ஒருவர், 'இவரை எனக்குத் தெரியும், விடுங்கள்' என்று சொல்ல இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படிச் சொல்லக்கூடிய பழக்கம் ஒரு நாளில் வராது, தெருவில் தினம் பார்த்துப் பார்த்து வருவது. அதைத்தான் நாங்கள் மதில் போட்டு அடைத்திருக்கிறோம்.

அடுத்த வருடம் ஏப்ரல் வெள்ளம். 430 பேருக்கு மேல் பலி, டர்பனுக்கு வடக்கே டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்களுக்குத் தொட்டி இருந்தது, லாரித் தண்ணீருக்குக் காசும் இருந்தது. மாநகராட்சிக் கூட்டத்துக்கு எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. வக்கீல், டாக்டர், எஞ்சினியர் என்று போய் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் உள்ளே இருந்தோம். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு வருகிறேன். எங்களுக்கு இருக்கிற மாதிரியான பயம் உங்களுக்கு இல்லை, கடவுள் புண்ணியத்தில் வரவும் வேண்டாம். அப்படியிருக்க இந்த வாசல் முறைகளை மட்டும் ஏன் அப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள்? வேலை செய்பவர்களுக்குத் தனி லிஃப்ட், பை சோதனை, பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது என்று போர்டு, இதெல்லாம் என் தங்கை வாங்கப் போகிற இடத்தின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினாள். நம் ஊரில் ஊர் வேறு, சேரி வேறு என்று இருந்ததைத் தாண்டி வரத்தான் நூறு வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறோம். உத்தப்புரம் தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை 2008-இல்தான் இடிக்க முடிந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் மதில் விழுந்து 17 பேர் செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நம் ஊரில் விதி இருக்கிறது. அந்தப் பூங்கா பொதுச் சொத்து. வாங்குகிறவர்கள் அது கேட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, விளம்பரம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, பத்திரிகை நடக்க வேண்டும். அந்த இணைப்பிலேயே ஒரு பக்கம், இப்படிப்பட்ட குடியிருப்புகளில் வேலைக்கு வரும் பெண்களிடம் பேசி எழுதுங்கள். வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். வீடு வாங்குகிறவர்கள் நீச்சல் குளத்தின் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படிக்கட்டும்.

குக்கர் விஷயத்துக்கு அப்புறம் எங்கள் எஸ்டேட் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மூன்று கோரிக்கை வைத்தேன். வாசலில் காத்திருப்பவர்களுக்குக் கூரையும் பெஞ்சும் வேண்டும், அட்டைப் பணத்தை வீட்டுக்காரர் கட்ட வேண்டும், காரணமில்லாமல் பையைச் சோதிப்பதை நிறுத்த வேண்டும். முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவதுக்கு 140 வீட்டில் 9 கைதான் உயர்ந்தது. ஒருவர் எழுந்து, உங்கள் வீட்டில் திருட்டுப் போனால் அப்போது பேசுங்கள் என்றார். போயிருக்கிறது, என் கணவரைக் கட்டிப்போட்டு எடுத்துப் போனார்கள், வந்தவர்கள் யார் வீட்டு வேலைக்காரரும் இல்லை என்று சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் ஓட்டு மாறவில்லை.

வருகிற மார்ச்சில் மறுபடி கூட்டம். அதே மூன்றாவது கோரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை என் பையன் அதை ஜூலுவிலும் மொழிபெயர்த்து, கோகோவிடம் படித்துக் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா